எலி சொல்லாததைச் செம்மறி சொல்லும்

டே-சாக்ஸ் என்று ஒரு பரம்பரை நோய். பிறந்த நாலைந்து மாதங்கள் வரை குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருக்கும். சிரிக்கும், குப்புற விழும், சத்தம் வந்த பக்கம் திரும்பும். அதன் பிறகு கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக இழக்கத் தொடங்கும். நின்ற தலை நிற்காது, பார்வை மங்கும், வலிப்பு வரும். பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை. மூளைச் செல்களுக்குள் சேரும் ஒரு வகைக் கொழுப்பைச் சிதைக்க ஒரு நொதி தேவை. அந்த நொதிக்கான ‘ஹெக்ஸ்-ஏ’ மரபணு பழுதாகிவிடுவதுதான் காரணம்.

1990-களின் நடுவில் ஆய்வாளர்கள் இதே மரபணுவைச் சுண்டெலியில் செயலிழக்கச் செய்தார்கள். நோயை எலியில் உருவாக்கிவிட்டால் மருந்து தேடலாம் என்பது கணக்கு. ஆனால் எலிகளுக்குச் சொல்லும்படி ஒன்றும் ஆகவில்லை. தின்றன, ஓடின, குட்டி போட்டன. எலியின் உடம்பில் அந்தக் கொழுப்பைச் சிதைக்க இன்னொரு நொதி வழியாக ஒரு மாற்றுப் பாதை இருக்கிறது. மனிதக் குழந்தையின் மூளைக்கு அந்தப் பாதை கைகொடுப்பதில்லை. மரபணு ஒன்றுதான், பழுதும் ஒன்றுதான், ஆனால் ஓருயிர் சாகிறது, மற்றொன்று சாவகாசமாகத் திரிகிறது.

விடை வந்த இடம் வேறு. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஜேக்கப் இனச் செம்மறிகளை வளர்த்தவர்கள், சில குட்டிகள் ஆறேழு மாத வயதில் தள்ளாடி நடப்பதையும், பார்வை மங்கி விழுவதையும் கவனித்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான உடம்பும், சிலவற்றுக்கு நான்கு கொம்புகளும் உள்ள அழகான பழைய இனம் அது. விஷச்செடி தின்றிருக்கும் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவர்களிடம் கொண்டுபோனார்கள். 2010-ல் விடை வெளியானது. ஆடுகளுக்கு வந்திருந்தது டே-சாக்ஸ். பழுது அதே ஹெக்ஸ்-ஏ மரபணுவில். அந்த ஆடுகளிடம் சோதித்த மரபணு சிகிச்சையின் தொடர்ச்சியாகத்தான், மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு இரண்டு குழந்தைகளுக்கு முதன்முறையாக அச்சிகிச்சையை அளித்தது. 2022-ல் வெளியான அந்த முடிவைப் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. சிகிச்சை தாங்கக்கூடியதாக இருந்தது, ஒரு குழந்தைக்கு நோயின் வேகம் கொஞ்ச காலம் மட்டுப்பட்டது, அவ்வளவே. ஆனால் அதுவரை அந்த நோய்க்கு அவ்வளவுகூட இருந்ததில்லை.

பரம்பரை நரம்புச் சிதைவு நோய்களின் ஆராய்ச்சியில் ஆடு, நாய், பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு என்ன இடம் என்பது இன்று உலகெங்கும் மறுபரிசீலனைக்கு வந்திருக்கிறது. விலங்குச் சோதனையையே படிப்படியாக விலக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 2023-ல் இந்தியாவும் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, செல் மாதிரிகள், கணினி மாதிரிகள் போன்றவற்றுக்கு இடம் கொடுத்தது. இரண்டுமே வரவேற்கத்தக்கவை. ஆனால் இந்த அலையில் முதலில் அடித்துச் செல்லப்படக் கூடாதவை, இயற்கையாகவே நோய் கண்ட விலங்குகளை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் சிறு மந்தைகள் என்பது என் கருத்து. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குரங்குகளின் மரபணுவைத் திருத்தி மூளைநோயோடு பிறக்கச் செய்யும் போட்டி நிற்க வேண்டும். இரண்டையும் ‘பெரிய விலங்குச் சோதனை’ என்று ஒரே பெட்டியில் போடுவதால்தான் விவாதம் திசைமாறுகிறது.

எலியால் ஏன் முடியவில்லை? அதன் மூளை அரை கிராம்கூட இல்லை. மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம். செம்மறியின் மூளை 100 கிராமுக்கு மேல். மருந்தை மூளைக்குள் செலுத்தும் நோய்களில் இந்த எடைக்கணக்கு வெறும் புள்ளிவிவரம் அல்ல. எலியின் மூளையில் ஒரு துளி விட்டால் எங்கும் பரவும். பெரிய மூளையில் அது ஊசி குத்திய இடத்தைச் சுற்றியே நின்றுவிடலாம். எலி மூளையின் மேற்பரப்பு வழவழப்பானது. ஆடு, பன்றி, மனித மூளைகள் மடிப்பு மடிப்பானவை. எலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும். பத்து வயதில் தொடங்கி இருபதில் முடியும் நோயை, அல்லது நாற்பதில் தலைகாட்டும் நோயை, அந்த ஆயுளுக்குள் எப்படி அடக்குவது? அடக்குவதற்காக நோயை முறுக்கேற்றுகிறார்கள். பரம்பரை மூளைநோயான ஹன்டிங்டனுக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட எலி வகையை 1996-ல் லண்டனில் கில்லியன் பேட்ஸ் குழு உருவாக்கியது. அது மூன்று மாதங்களில் இறந்துவிடும். அந்த எலியின் ஆயுளை கிரியேட்டின், கோ-என்சைம் க்யூ10 என்ற இரண்டு சத்துப்பொருள்கள் நீட்டின. நோயாளிகளிடமும் உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. இரண்டையும் தலா ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். இரண்டும் பயன் தராமல், பாதியில் நிறுத்தப்பட்டன.

எலியைக் குறை சொல்லவில்லை. எந்த மரபணு என்ன செய்கிறது என்ற அடிப்படை அறிவில் பெரும்பங்கு எலி தந்தது. ஆனால் ‘எலிக்குக் குணமானது’ என்ற செய்தித் தலைப்புக்கும், நோயாளியின் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை யாராவது நடந்துதானே ஆக வேண்டும்.

நடந்தவர்களில் முக்கியமானவர்கள் நியூசிலாந்தில் இருந்தார்கள். மாஸி பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயியல் அறிஞர் ராபர்ட் ஜாலி 1976-ல் சவுத் ஹேம்ப்ஷயர் இனச் செம்மறிகளில் ஒரு விசித்திர நோயை விவரித்தார். குட்டி பிறக்கும்போது குறை ஒன்றும் தெரியாது. ஒரு வயதை ஒட்டிக் கண் தெரியாமல் போகும், மந்தையை விட்டு விலகி நிற்கும், தலை நடுங்கும். இரண்டு வயதுக்குள் முடிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் மூளை சுருங்கிப் போயிருக்கும். மனிதக் குழந்தைகளில் இதற்கு பேட்டன் நோய் என்று பெயர். 1903-ல் அதைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரெடெரிக் பேட்டனின் பெயர் அது. ஆனால் அவருக்கு முன்பே, 1826-ல், நார்வேயின் ரோரோஸ் சுரங்க ஊரில் ஒரே வீட்டின் நான்கு பிள்ளைகளுக்கு வந்த இதே போன்ற நோயை ஸ்டெங்கல் என்ற மருத்துவர் பதிவுசெய்துவிட்டார். இன்று பேட்டன் என்பது பத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு மரபணுப் பழுதுகளால் வரும் நோய்களின் குடும்பப் பெயர்.

ஒரு பண்ணையாளர் இப்படிப்பட்ட ஆட்டை என்ன செய்வார்? கறிக்கு அனுப்புவார், அந்தக் கிடாவை மாற்றுவார், வேலையைப் பார்ப்பார். ஜாலி அதைத் தடுத்து, பழுதைச் சுமக்கும் ஆடுகளைத் திரட்டி ஒரு மந்தையாக்கினார். பிற்காலத்தில் தென் தீவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பால்மர் அந்தப் பணியைத் தொடர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட வேலை. இடையில் எத்தனையோ ஆராய்ச்சி மோகங்கள் வந்து போயிருக்கும். நிதிக்குழுவின் முன் ஆண்டுதோறும் போய், நோயுற்ற ஆடுகளை இன்னும் ஓராண்டு பராமரிக்கப் பணம் கேட்பது எவ்வளவு கவர்ச்சியற்ற வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மந்தை முதலில் தந்தது மருந்து அல்ல, ஒரு திருத்தம். பேட்டன் நோயாளிகளின் செல்களில் மஞ்சளாக ஒளிரும் துகள்கள் நிறைந்திருக்கும். அவை கெட்டுப்போன கொழுப்பின் மிச்சம் என்றுதான் அதுவரை நம்பினார்கள். அதனால் வைட்டமின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. ஆடு பெரிய விலங்கு. அதன் கல்லீரல், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றிலிருந்து அந்தத் துகள்களை வேண்டிய அளவு பிரித்தெடுக்க முடிந்தது. பால்மர் பிரித்துப் பார்த்தபோது அவற்றில் பாதிக்கும் மேல் புரதம். எந்தப் புரதம்? கேம்பிரிட்ஜில் ஜான் வாக்கரின் ஆய்வகம் அதை அடையாளம் காண உதவியது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் இயந்திரத்தின் ஒரு சிறு உறுப்பு அது. இதே இயந்திரத்தை விளக்கியதற்காகத்தான் வாக்கர் 1997-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆட்டில் கண்டது பிறகு பெரும்பாலான பேட்டன் வகைக் குழந்தைகளிலும் உறுதியானது. கொழுப்பு கெடுவது அல்ல, கழிவான ஒரு புரதத்தைச் செல்லின் குப்பைக் கிடங்கு அப்புறப்படுத்தத் தவறுவதுதான் சிக்கல் என்று நோயைப் பற்றிய புரிதலே திரும்பியது.

நியூசிலாந்தின் போர்டர்டேல் என்ற வேறோர் இனத்திலும் பேட்டன் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதரில் ‘சி.எல்.என்.5’ எனப்படும் வகை. நாடியா மிட்செல், பால்மர் குழுவினர் அந்த ஆடுகளின் மூளைக்குள் நல்ல மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஆடுகளைத் தடுப்புப்பாதையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டின் உட்கொள்ளளவை அவ்வப்போது அளந்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, நோய்க்குறி தோன்றும் முன்பே சிகிச்சை பெற்ற ஆடுகள் அறிவும் நடையும் குலையாமல் இருந்தன. ஆனால் பார்வை தாமதமாகவேனும் போனது. மூளைக்குப் போன மருந்து கண்ணுக்குப் போதவில்லை. பிறகு கண்ணுக்குள் தனியாகச் செலுத்திப் பார்த்தபோது விழித்திரை காப்பாற்றப்பட்டது. எலியில் இதைக் கவனிக்கவே வாய்ப்பு குறைவு. இரவில் திரியும் எலிக்குக் கண் அவ்வளவு பெரிய விஷயமும் அல்ல.

பெரிய விலங்கு தந்த மருந்து உண்டா என்று கேட்பவர்களுக்கு விடை நீண்ட ரோமமுடைய டாஷ்ஹண்ட் நாய்களிடம் இருக்கிறது. பேட்டனில் ‘சி.எல்.என்.2’ என்ற வகை இரண்டு முதல் நான்கு வயதில் வலிப்புடன் தொடங்கும். பேச்சு, நடை, பார்வை என்று வரிசையாகப் பறித்து, பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் கொன்றுவிடும். டி.பி.பி.1 என்ற நொதி இல்லாமைதான் காரணம் என்பதை 1997-ல் நியூஜெர்சியில் ஸ்லீட்டும் லோபலும் கண்டுபிடித்தார்கள். இதே நொதி இல்லாத டாஷ்ஹண்ட் குட்டிகளை மிசோரி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் காட்ஸ் குழு ஆராய்ந்தது. அந்தக் குட்டிகள் பத்துப் பதினொரு மாதங்களுக்கு மேல் தாங்காது. நொதியை ஆய்வகத்தில் தயாரித்து, மூளையைச் சூழ்ந்துள்ள தண்டுவட நீரில் செலுத்தியபோது நோய் தாமதமானது, ஆயுள் நீண்டது. எவ்வளவு செலுத்தலாம், எவ்வளவு நாளைக்கொரு முறை, ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் நாய்களிடம் கற்றவை. அதே நொதி 2017 ஏப்ரலில் பிரினியூரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தையின் உச்சந்தலைத் தோலுக்கு அடியில் ஒரு சிறு கலம் பொருத்தி, இரு வாரத்துக்கு ஒருமுறை நாலரை மணி நேரம் மெல்லச் செலுத்துகிறார்கள். 24 குழந்தைகளைச் சேர்த்து நடந்த சோதனையில், நடையும் பேச்சும் இழக்கும் வேகம் பெருமளவு குறைந்தது.

நாய்கள் இன்னொன்றும் சொன்னன, அதுதான் எனக்கு மிகப் பெரிய பாடமாகப் படுகிறது. மரபணு சிகிச்சையால் மூளை காப்பாற்றப்பட்டு முன்பைவிட நீண்ட நாள் வாழ்ந்த நாய்களுக்கு, வேறு உறுப்புகளில், குறிப்பாக இதயத்தில், சிதைவு தென்பட்டது. முன்பு மூளையே முதலில் கொன்றுவிட்டதால் இதயத்தின் நோய் வெளிப்பட நேரமே கிடைக்கவில்லை. இன்று சிகிச்சையால் வளர்ந்துவரும் குழந்தைகளின் இதயத்தையும் கண்ணையும் மருத்துவர்கள் முன்கூட்டியே கவனிக்க ஒரு காரணம் இந்த நாய்கள். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் மினி மூளைகளை இன்று எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும், சில மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் திசு உருண்டை மரபணு ஆய்வுக்கு அருமையான கருவி. ஆனால் அதற்கு இதயம் இல்லை, கண் இல்லை, தடுமாறுவதற்குக் கால் இல்லை.

ஹன்டிங்டன் நோயின் கதை வேறு மாதிரி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. மரபணுவில் ஒரு மூன்றெழுத்துச் சங்கிலி நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் நோய் நிச்சயம். இயற்கையில் இந்நோயுள்ள மந்தை கிடைக்காததால் உருவாக்கினார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஸ்னெல், ரிச்சர்ட் ஃபால் ஆகியோர் தெற்கு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, நீண்ட சங்கிலியுள்ள மனித மரபணுவைச் செம்மறியில் புகுத்தி, 2010-ல் அதை அறிவித்தார்கள். இந்த ஆடுகளுக்கு வயதான பின்னும் வெளிப்படையான நோய் இல்லை. தோல்வியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதரிலும் அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் ஏதோ நடக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த மௌன காலத்தை இந்த ஆடுகளில் பார்க்க முடிகிறது. அவற்றின் மூளையில் யூரியா மிகுந்திருப்பதைக் கண்டு, இறந்த நோயாளிகளின் மூளைகளிலும் தேட, அங்கும் அது மிகுந்திருப்பது 2017-ல் தெரியவந்தது.

கேம்பிரிட்ஜின் ஜென்னி மார்ட்டன் இந்த ஆடுகளின் இரவு நடமாட்டத்தை அளந்தார். நோய் மரபணு உள்ள ஆடுகளைத் தனிக் கூட்டமாக வைத்தால் இரவுத் தூக்கம் குலைந்திருந்தது. நலமான ஆடுகளுடன் கலந்து விட்டால் அந்தக் குலைவு கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் தாளம் நோயை மறைத்தது. நோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்கள் இதைப் படித்தால் யோசிக்க நிறைய இருக்கும். யோசிக்காமல் பின்தொடர்பவர்களைச் செம்மறியாட்டுக் கூட்டம் என்று ஏளனம் செய்வது நம் வழக்கம். இதே மார்ட்டன் குழுதான் பராக் ஒபாமாவின் படத்தைச் செம்மறிகளுக்குக் காட்டிப் பழக்கி, பிறகு முகங்களுக்கு நடுவே அவரை அடையாளம் காணவும் வைத்தது. ஞாபகத்தை அளக்க முடிந்தால்தானே ஞாபக இழப்பையும் அளக்க முடியும்.

பன்றிகளும் உண்டு. செக் நாட்டின் லிபெகோவ் ஆய்வுப் பண்ணையில் உருவான ஹன்டிங்டன் குறும்பன்றிகளிடம், நோய் மரபணுவை அடக்கும் ஏ.எம்.டி.-130 என்ற சிகிச்சை சோதிக்கப்பட்டது. மூளையின் ஆழத்தில் செலுத்திய மருந்து எவ்வளவு தூரம் பரவுகிறது, எத்தனை மாதம் நிலைக்கிறது என்பதெல்லாம் அங்கே பார்க்கப்பட்டன. 2025 செப்டம்பரில் அதன் நிறுவனம் மனிதச் சோதனை முடிவை வெளியிட்டது: அதிக அளவு மருந்து பெற்று மூன்றாண்டு கண்காணிக்கப்பட்ட 12 பேரில் நோயின் வேகம் 75 சதவீதம் குறைந்தது என்றது. பன்னிரண்டே பேர், சிகிச்சை பெறாத வெளி நோயாளிகளின் பதிவேட்டோடு ஒப்பிட்ட கணக்கு. அது போதுமா என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தயங்கியது. தயங்கியதும் சரிதான். சீனாவின் குவாங்சோவில் 2018-ல் உருவாக்கப்பட்ட பன்றிகளில், மனித நோயில் அழியும் அதே நரம்பணுக்கள் அழிந்தன. எலியில் அவ்வளவு தெளிவாகக் கிடைக்காத காட்சி அது.

குரங்கு விஷயத்தில் நான் நிற்கும் இடம் வேறு. 2008-ல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஹன்டிங்டன் மரபணுவுடன் ஐந்து ரீசஸ் குரங்குக் குட்டிகள் பிறந்தன. சில வெகு சீக்கிரம் இறந்துபோயின. 2019-ல் சீனாவில், உடற்கடிகாரம் குலையுமாறு திருத்தப்பட்ட ஒரு குரங்கை நகலெடுத்து ஐந்து குட்டிகளைப் பிறக்கச் செய்தார்கள். அவை அச்சத்தோடும் மனச்சோர்வோடும் இருந்ததை ஆராய்ச்சி வெற்றியாகவே அறிவித்தார்கள். நம்மைப் போன்ற மூளை இருப்பதால் அது சிறந்த மாதிரி என்கிறார்கள். நம்மைப் போன்ற மூளை இருப்பதால்தான் அது செய்யக் கூடாத காரியமும் ஆகிறது. தாய் தந்தையின் பழுது இயற்கையாகக் குட்டிக்கு இறங்குவதும், இல்லாத நோயை ஒரு குரங்கின் மீது ஏற்றிப் பிறக்கச் செய்வதும் ஒன்றல்ல.

ஆட்டுக்கு மட்டும் வலிக்காதா என்று கேட்கலாம். வலிக்கும். ஜாலியின் மந்தையில் பிறந்த ஒவ்வொரு நோய்க்குட்டியும், அப்படிப் பிறக்கும் என்று தெரிந்தே பிறப்பிக்கப்பட்டது. இதற்கு ஒப்பனை தேவையில்லை. அவை பெரும்பாலும் புல்வெளியில், கூட்டத்தோடு வாழ்கின்றன. துன்பம் முற்றும் முன் கருணைக்கொலை செய்யப்படுகின்றன. சோதனைக்கூடக் கூண்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதைச் சொல்லலாம், நியாயம் முழுமையாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான எலிகளைக் கொன்று, மனிதருக்கு ஆகாத விடையைப் பெறுவதைவிட, சில பத்து ஆடுகளிடம் ஆகும் விடையைப் பெறுவது குறைந்த துன்பம் என்பதே என் கணக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

பெரிய விலங்கு என்பதாலேயே அது சொல்வதெல்லாம் வேதம் ஆகிவிடாது. டே-சாக்ஸுக்கான சிகிச்சையின் ஒரு வடிவம் எலி, பூனை, ஆடு எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. நலமான குரங்குகளின் மூளையில் செலுத்தியபோது ஊசி போன இடத்தில் திசு அழிந்தது. நொதி அளவுக்கு மீறி உற்பத்தியானது காரணம். மருந்தை மாற்றியமைத்த பிறகுதான் குழந்தைகளுக்குப் போனார்கள். குரங்கை அறவே தொடக் கூடாது என்று நான் சொல்லாததற்கு இந்த ஒரு நிகழ்வே போதும். கடைசிக் கட்டப் பாதுகாப்புச் சோதனையில் சில குரங்குகளுக்கு இடமிருக்கலாம். நோயோடு பிறக்கும் குரங்குப் பரம்பரைக்கு இடமில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒட்டும் உறவும் உண்டு. டே-சாக்ஸும் பேட்டனின் பெரும்பாலான வகைகளும், தாய் தந்தை இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும்போது, நான்கில் ஒரு பிள்ளைக்கு வருபவை. நல்ல கம்பளிக்காக ஒரே கிடாவின் வாரிசுகளை மீண்டும் மீண்டும் சேர்க்கும் இன வளர்ப்பில் அவை தலைகாட்டுவது இதனால்தான். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கொடுத்து வாங்கும் குடும்பங்களிலும் கணக்கு இதுவே. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இன்றும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது. உறவு முறையைத் திட்டிப் பயனில்லை. 1970-களில் ஜாலியே ஆங்கஸ் மாடுகளின் ஒரு மூளைநோய்க்கு, இரத்தத்தில் நொதி அளவைப் பார்த்துப் பழுது சுமக்கும் காளைகளைக் கண்டறியும் திட்டத்தை நியூசிலாந்தில் நடத்தினார். அதே பத்தாண்டில் அமெரிக்க யூதர்களிடையே டே-சாக்ஸ் பரிசோதனை தொடங்கியது. 1983-ல் நியூயார்க்கில் ஒரு யூத மதகுரு தொடங்கிய ‘தோர் எஷோரிம்’ அமைப்பில், பெண் பார்க்கும் முன்பே இரு தரப்பின் எண்களையும் ஒப்பிட்டுப் பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் சொல்வார்கள். யார் பழுதைச் சுமக்கிறார் என்பது ஊருக்குத் தெரியாது. ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலையும் நமக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் அந்நியமாகத் தோன்றக் கூடாது.

இன்னொரு வேலை கால்நடைத் துறையின் கையில் இருக்கிறது. டெக்ஸஸிலும் நியூசிலாந்திலும் தொடக்கம் ஆய்வகத்தில் நடக்கவில்லை, தொழுவத்தில் நடந்தது. நம் ஊரில் ஒரே கிடாவின் குட்டிகள் வரிசையாகத் தள்ளாடினால், ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகளுக்கு ஒரே வயதில் வலிப்பு வந்தால், கால்நடை மருந்தகத்தில் அது எங்கே பதிவாகிறது? அந்தப் பதிவைக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் எப்போதாவது பார்க்கிறாரா? மாவட்டக் கால்நடை மருத்துவர்கள் அனுப்பும் மூளைத் திசுவையும் இரத்தத்தையும் வாங்கிவைக்க, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையும், அரசு குழந்தைகள் மருத்துவமனையோடு ஆண்டுக்கு இருமுறை ஒரு கூட்டமும் போதும். பெரிய செலவில்லை.

பெரிய செலவு மருந்தில்தான். 2017-ல் வெளிவந்தபோது பிரினியூராவின் அமெரிக்கப் பட்டியல் விலை ஆண்டுக்கு 7,02,000 டாலராக இருந்தது. ஒரு முறை செலுத்த 27,000 டாலர், நம் இன்றைய பணத்தில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். அரிய நோய்களுக்கான இந்திய அரசின் கொள்கை ஒரு நோயாளிக்குத் தரும் உச்சவரம்பு 50 லட்சம். ஒரு மாதம் செலுத்திக்கொண்டால் தீர்ந்தது. இங்கிலாந்தில் இதே மருந்தை விலை காரணமாக முதலில் மறுத்து, நீண்ட இழுபறிக்குப் பிறகு 2019-ல்தான் பேரம் படிந்தது. சி.எல்.என்.5 குழந்தைகளின் கதை இதைவிடக் கசப்பு. லிங்கன் ஆடுகளில் பலன் தந்த மரபணு சிகிச்சை அமெரிக்காவில் மனிதச் சோதனை வரை போனது. ஒழுங்குமுறை அமைப்பிடம் விரைவு வழி கிடைக்காததால் 2024 இறுதியில் நிறுவனம் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது.

பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் பேணிய மந்தைகளிலிருந்து பிறந்த அறிவு இப்படி ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கில் முடங்குவதை ஒப்பந்தத்தில் ஒரு வரி தடுத்திருக்கும்: இத்தனை ஆண்டுக்குள் மருந்தை மனிதரிடம் கொண்டுசெல்லாவிட்டால், அல்லது பாதியில் கைவிட்டால், உரிமமும் தரவுகளும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப வேண்டும், குறைந்த வருமான நாடுகளில் வேறு யாரும் தயாரிக்கத் தடை கூடாது. ஆராய்ச்சிக்கு ஆடுகளையும் நாய்களையும் பலிகொடுக்க அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள், கூண்டின் அகலத்தையும் மயக்கமருந்தின் அளவையும் கேட்பதோடு, இந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் கேட்கலாம். இல்லாவிட்டால் அனுமதி மறுக்கலாம்.